பனியில் பிளந்த ஆப்பிள் மரம்

லண்டன் புறநகரான சட்டனில் நாங்கள் வீடு வாங்குவதற்கு முன் டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். புதிய வீட்டின் பின்பக்கத்தில் ஓர் ஆப்பிள் மரம் நின்றது. என் நெஞ்சளவு உயரத்தில் அது இரண்டாகக் கவர்விட்டிருந்தது. ஒரு பாதி, நான் சமைக்கிற குசினியின் ஜன்னலை நோக்கி வளர்ந்திருந்தது. மற்றப் பாதி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தமிழர் இருந்தார். படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். மரத்தின் அந்தப் பாதிக்குக் கீழேதான் அவருடைய சிறிய கண்ணாடி வீடு. அதற்குள் கறிவேப்பிலைச் செடிகளைத் தொட்டிகளில் வைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் ஹீட்டர் போட்டுக் காப்பாற்றி வந்தார். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் அவர் தருவதுதான்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு பெப்ரவரி. இரவெல்லாம் பனி கொட்டி, காலையில் பஸ்கள் ஓடவில்லை. நான் வேலை செய்த மருந்துக் கடைக்குப் போக வழியில்லாமல் குசினியில் நின்றேன். விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஈரப்பனியின் பாரம் தாங்காமல் மரம் கவரில் பிளந்து, பக்கத்து வீட்டுப் பாதி வேலியில் சாய்ந்து கிடந்தது. அதன் நுனிகள் கண்ணாடிக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

கணவரின் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு விளக்குமாற்றோடு வெளியே ஓடினேன். உறைந்த கிளையை மேலிருந்து அடித்தால் ஒடிந்துவிடும். கீழேயிருந்து மெல்லத் தூக்கித் தூக்கிப் பனியை உதறினேன். உதறிய பனி என் கழுத்துக்குள்ளேயே இறங்கியது. பாரம் குறைந்ததும் கிளை கொஞ்சம் எழும்பியது. பிளவுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. கீழ்ப்பக்கத்துப் பட்டை அறுபடாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிடமே, இதை விடுவதில்லை என்று நினைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வெட்டிடும்மா. கண்ணாடில விழுந்தா எல்லாம் போச்சு."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுறன்."

மரம் வெட்டும் தொழில்காரர் ஒருவர் பனி கரைந்த பிறகு வந்தார். சுற்றிவரப் பார்த்தார். இணைத்துப் பார்க்கலாம், ஆனால் பொறுப்பேற்க முடியாது, விழுந்தால் பழி தன்மேல் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கணவர் ரயில் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார்.

"அந்தாளே ஏலாது எண்டு சொல்லிப்போட்டார். நீ என்ன செய்யப் போறாய்?"

"ஏலாது எண்டு அவர் சொல்லேல்லை. பொறுப்பெடுக்க ஏலாது எண்டுதான் சொன்னவர். நான் எடுக்கிறன்."

நூலகத்தில் தேடி மரப் பராமரிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்தேன். ஆப்பிள் மரத்தின் கொப்புகளை இலையில்லாத காலத்தில் வெட்டிக் கழிக்கலாம் என்பது எனக்கு ஆறுதல். முதலில் பாரத்தைக் குறைக்க வேண்டும். பிறகு இரண்டு பாதிகளையும் இழுத்து நெருக்கி, குறுக்கே துளைத்து, இரும்புக் கம்பி கோத்து முடுக்க வேண்டும். வேலிக்கு அருகே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"கண்ணாடிக்கு மேல நிக்கிற கொப்பெல்லாத்தையும் வெட்டி விடுறன் அண்ணை. கோடையில அந்தப் பாதி துளிர்க்காட்டி முழுசா எடுத்திடுறன். சம்மதமோ?"

அவர் மேலே பார்த்தார், கீழே தன் செடிகளைப் பார்த்தார். "துளிர்க்கலன்னா எடுத்திடணும், ஆமா?"

"ஓம்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானும் கணவரும் தொடங்கினோம். காற்று கன்னத்தை அறுத்தது. மரம் அறுக்கிற வாளைப் பிடித்த விரல்கள் மரத்துப் போக, அடிக்கடி கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடிமேல் பழைய கம்பளங்களை விரித்துவிட்டு, நான் வெட்டிய ஒவ்வொரு கொப்பையும் விழாமல் கையில் வாங்கினார். பிறகு தன் காரிலிருந்து, சாமான் கட்டுகிற முறுக்குப் பட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பிளவுக்கு மேலே சுற்றி மூவரும் மாறி மாறி முறுக்கினோம். மரம் முனகியது. பிளவு மெல்ல மெல்ல ஒடுங்கி, விரல் நுழையாத அளவுக்கு வந்தது.

கணவர் துளையிட்டார். பாதியில் ட்ரில் சிக்கியது.

"விடுவமே?" என்றார்.

"கழட்டிப்போட்டு மற்றப் பக்கத்தாலை துளையுங்கோ."

துளைத்தார். இரண்டு துளைகளும் ஓரளவுக்குத்தான் சந்தித்தன. கம்பியைச் சுத்தியலால் அடித்துத்தான் உள்ளே செலுத்தினோம். இருபுறமும் அகலமான வாஷர் போட்டு நட்டை முடுக்கினோம்.

ஏப்ரலில் எங்கள் பக்கத்துப் பாதி பூத்தது. அந்தப் பாதி வெறுங்கொம்பாகவே நின்றது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு சுள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தது. "இன்னும் ஒண்ணும் காணோமே" என்பார் பக்கத்து வீட்டுக்காரர், கோபமில்லாமல். "கோடை இன்னும் வரேல்லை அண்ணை" என்பேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான்.

மே முடியும் நேரத்தில் இலை வந்தது. சிறியது, சுருங்கியது, எங்கள் பக்கத்து இலையில் பாதியளவுதான். நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் கோட்டும் டையுமாக வேலைக்குப் புறப்பட்டவர், எங்கள் வாசல் மணியை அடித்து, "வந்து பாரும்மா, வந்து பாரு" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அந்த வருடம் அந்தப் பாதி காய்க்கவில்லை. நுனிக்கொப்பு ஒன்று பட்டுப்போனது. அதை வெட்டினேன். அடுத்த வருடம் கைப்பிடியளவு பூத்து, புளித்த காய்கள் சில தந்தது. அவற்றை மிளகாய்த்தூளும் வெல்லமும் போட்டுச் சமைத்து ஒரு போத்தலை வேலிக்கு மேலால் நீட்டினேன். இப்போது பட்டை வளர்ந்து வாஷரின் விளிம்பை மூடத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் ஏணி வைத்து, அந்தப் பாதியில் பாரம் ஏறாமல் கழித்துவிடுகிறேன். கணவர் ஏணியைப் பிடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எந்தக் கொப்பை வெட்டுவது என்று சொல்வார். பெரும்பாலும் நான் கேட்பதில்லை.