போட்டிப் படகின் இரண்டாவது ஆள்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அந்தப் பெருமையும் மிஞ்சாது.

மாமியின் மகன் பிரான்சிலிருந்து வந்து, திருகோணமலையில் ஒரு பாய்ப்படகை வாங்கி, ஊர்காவற்றுறை வரை தனியாகவே ஓட்டிவந்திருந்தான். போட்டிக்கென்று கட்டின சாமான். கொஞ்சம் காற்றுப் பட்டாலே பாயும். கயிறெல்லாம் சுக்கான் பிடிப்பவன் கைக்கே வந்து சேரும். உள்ளே ரெண்டு படுக்கை, ஓர் அடுப்பு. இரண்டே பேர் ஓடுகிற ஒரு போட்டிக்கு அவனுக்கு இன்னோர் ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்துக்காக நான் நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னால் திரிந்தேன்.

“சரி, ஒருக்கா வந்து ஓடிக் காட்டு, பாப்பம்,” என்றான்.

திறந்த கடலுக்குப் போயிருக்கலாம். எனக்கோ ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் எங்கள் ஊர் குருநகர் இறங்குதுறையில் அந்தப் படகோடு போய் நிற்க ஆசை.

“உங்கை படகுக்குத் தண்ணி ஆழம் காணுமோ?”

“மச்சான், நான் பிறந்ததே உந்தத் தண்ணியிலைதான்!”

நாங்கள் மீன்பிடிக்கிற பைபர் படகுக்கு முழங்கால் தண்ணீர் போதும். எஞ்சினைத் தூக்கிவிட்டால் அதுவும் வேண்டாம். அவன் படகின் அடியில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடு தொங்குவது என் மண்டையில் ஏறவேயில்லை.

மண்டைதீவு தாண்டி, இறங்குதுறைக்குக் கூப்பிடுதூரத்தில் படகு சேற்றில் ஏறிக் குந்தியது.

பூசையும் முடிந்தது. சனம் முழுக்க இறங்குதுறையில். உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லி, கரையில் நின்ற என் மனுசிக்குப் போன் எடுத்தேன்.

“போனை வையுங்கோ, உங்களை எடுக்கிற வீடியோ இடையிலை வெட்டுது.”

ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத என் சொந்த அண்ணை, கழுத்தளவு தண்ணீரில் நடந்தே வந்து, படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, இறங்கி நடந்து வா. கெதியா வரலாம்.”

கரையில் எழும்பின சிரிப்பில் எங்கள் கோயில் புனிதர் யாகப்பரும் சேர்ந்திருப்பார்.

  படகு ஒரு பக்கம் சரிந்தால் தகடு சேற்றைவிட்டு எழும்பும் என்று மச்சான், பாயின் அடியைத் தாங்குகிற நீண்ட கம்பத்தில் என்னை ஏறிப் படுக்கச் சொன்னான். ஏறினேன். அப்படியே கம்பத்தைத் தண்ணீருக்கு மேலே தள்ளிவிட்டான். காயப்போட்ட திருக்கை மாதிரி நான் தொங்க, படகு மெல்லச் சரிந்தது. அண்ணையின் ஆட்கள் ரெண்டு படகில் கயிறு கட்டி இழுக்க, தகடு விடுபட்டது.

ஆழத்துக்கு வந்த பிறகும் என்னை உள்ளே எடுக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை. தொங்கியபடியே கேட்டேன்:

“பாத்தியே மச்சான், என்ரை பாரம் எவ்வளவு உதவிச்சுது! அப்ப போட்டிக்கு நான்தானே ரெண்டாவது ஆள்?”

“மண்மூட்டை கொண்டுபோறன், அது வழி சொல்லாது.”