முள் எடுக்கும் காட்சி

அந்த நாடகத்தைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. மழையைப் பற்றி எழுதினேன், வைகையின் வெறும் மணலைப் பற்றி எழுதினேன், பெண்ணின் கண்ணைப் பற்றி வெட்கமில்லாமல் பக்கம் பக்கமாக எழுதினேன். பேனா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இன்று போகப்போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், வயது இருபது. ஆண்டு விழாவுக்கு ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தைத் தமிழாக்கி நடத்துவதென்று எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் முடிவு செய்தார். முந்நூறு வருடத்துப் பழைய நாடகம். ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடுகிறாள்; வழிப்பயத்துக்கு ஆண் உடை போட்டுக்கொள்கிறாள்; தான் மனதில் வைத்திருப்பவனுக்கே வழித்துணையாக நடக்கிறாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் இந்தப் பையனைவிட்டு நம் மனம் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று குழம்புகிறான். சபை சிரிக்க வேண்டிய இடம் அது.

அந்தக் காலத்து இங்கிலீஷ் மேடையில் பெண்கள் ஏறக் கூடாது, பையன்கள்தான் பெண் வேடம் கட்டினார்கள் என்று பேராசிரியர் விளக்கினார். ஆண், அதன்மேல் பெண், அதன்மேல் மறுபடி ஆண் என்று மூன்று அடுக்கு. பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "நம்மூரு ஸ்திரீபார்ட் கதைதான சார். ஆனா கதாநாயகன் காதலிக்கிறது எந்த அடுக்க சார்?" வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

கதாநாயகன் நான். கதாநாயகியாக வந்தவன் என் வகுப்புத் தோழன், அலங்காநல்லூர்ப் பக்கத்து உழவுச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவன் ஊரிலிருந்து கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள். மாடு பிடிக்கப் போய் வாங்கிய கொம்புத் தழும்பு தோளில் இருந்தது; ரவிக்கைக் கையை நீட்டித் தைத்து அதை மறைத்தார்கள். அப்படிப்பட்ட உடம்பில் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. சேலையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நாலடி நடந்தான். ஒத்திகை அறையில் சத்தம் அடங்கிவிட்டது.

வேடம் கட்டிவிட நாடகக் கம்பெனியிலிருந்து ஒரு பழைய ஒப்பனைக்காரர் வந்திருந்தார். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். பெண் வேடம் கட்டியவருக்குத் தனி ஜமுக்காளம். அவர் வந்தால் மற்றவர்கள் எழுந்து, விலகி, வழிவிட வேண்டும். உரசி உட்காரக் கூடாது. "வெளயாட்டுன்னு நெனைக்காதீக தம்பி. நீங்க எந்திரிச்சாத்தான் கட்டுனவனுக்குப் பொம்பளைங்கற நெனப்பு நிக்கும். பாக்குறவனுக்கும் நிக்கும்." ஒரு மாதம் அப்படியே செய்தோம். அவன் வந்தால் எழுவேன், நகர்வேன். பழகிவிட்டது. சேலை இருந்தவரை எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சேலையைப் பார்த்து மனம் துடித்தால் அது நடிப்பு, அது கலை. அதைப் பற்றி இரவில் வெண்பாகூட எழுதிவைத்தேன்.

இரண்டாம் அங்கத்தில்தான் வினை. வழித்துணைப் பையனின் காலில் முள் தைக்கிறது. நான் அந்தக் காலை மடியில் வைத்து எடுக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அந்தக் காட்சியைப் பழகலாமென்று நாங்கள் இருவரும் காளவாசல் தாண்டி நடந்தோம். செங்கல் சூளைகளுக்கு அப்பால் அறுத்த வயல். அவன் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினான். சேலை இல்லை. வேட்டி, கசங்கிய சட்டை, குதிகாலில் வெடிப்பு, உழவு பழகிய கால். நான் பிடித்தேன். இல்லாத முள்ளை எடுத்தேன். வசனம் முடிந்தது. கை மட்டும் விலகவில்லை.

"முள்ளு வந்துருச்சு மாப்ள," என்றான் மெதுவாக. "இன்னும் எதுக்குக் காலப் பிடிச்சுக்கிட்டு இருக்க?"

கேட்டானே தவிர, காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் சூளைப் புகையைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். ஒப்பனை இல்லை, ஜமுக்காளம் இல்லை, சபை இல்லை. எதன்மேல் சாய்த்துச் சொல்வது இதை?

இரண்டு நாள் கழித்து, விடுதியில் மத்தியானச் சாப்பாடு. வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் அதே கசங்கிய சட்டையில் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தான். நான் எழுந்துவிட்டேன். எழுந்து, விலகி, இரண்டு ஆள் இடம் விட்டு, தலையைக் குனிந்து நின்றேன். ஒத்திகை அறையில் ஒரு மாதமாகச் செய்ததை உடம்பு தானாகச் செய்துவிட்டது. நான் பார்த்தபோது சாப்பாட்டறை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, வீட்டுக்காரி வந்துட்டாகளா?" என்றான் ஒருவன்.

"தள்ளி உக்காருங்கப்பா, புதுசாக் கெட்டுனது. வெக்கப்படுறாக."

"எம்புட்டு மரியாத பாரு. அவுக அய்யாவுக்குக்கூட இவன் எந்திரிச்சதில்ல."

ரசம் ஊற்ற வந்தவர்கூடச் சிரித்தார். அப்போது நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம். பழக்க தோஷம்ப்பா என்று உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கோ உள்ளே இருந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்ற பயம். நான் சொன்னேன்:

"என்னைய எதுக்குடா கேக்குறீக? அவனக் கேளுங்க. வேசத்தக் கலைச்ச பெறகும் பொம்பள மாதிரியேதான் எம்பின்னாடி சுத்துறான். எந்திரிச்சு ஓடாம என்ன செய்ய?"

சிரிப்பு என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் போயிற்று. அவன் தட்டோடு நின்றான். முகத்தில் கோபம் வரும், வந்து அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலை விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேச்சு அவர் காதுவரை போயிருந்தது. "நெசமா? சொல்லு. நீ சொல்றதுலதான் இருக்கு. நெசம்னா அவன இங்க வச்சுக்க முடியாது." மேசைமேல் அவன் பெயர் எழுதிய காகிதம் இருந்தது. விடுதி போனால் அவன் படிப்பும் போகும். மதுரையில் தலைசாய்க்க அவனுக்கு வேறு வீடு கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நிதானமாக யோசிக்க நேரம் இருந்தது, வாய் குழறவில்லை, யாரும் என்னை அடிக்கவில்லை. "ஆமா சார்," என்றேன்.

அன்று பகலிலேயே அவன் புறப்பட்டான். ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வருவது கேட்டது. "வாரேன் அண்ணே." "வாரேன்ப்பா." சிலர் பதில் சொன்னார்கள். நான் கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன், கதவின் கீழ் இடுக்கில் நிழல் தெரியாதபடிக்கு. அவன் என் வாசலில் நின்றான். தட்டவில்லை.

"உள்ளதான் இருக்க," என்றான். "முள்ளெடுக்குற எடத்துல அவசரப்படாத. காலக் கீழ வச்சதும் ஒடனே பேசாத. செத்த நேரம் சும்மா இரு. பெறகு பேசு. அப்பத்தான் அது நிக்கும்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றான். எதற்காக நின்றான் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் மரப்படியில் காலடி இறங்கியது.

நாடகம் குறித்த நாளில் நடந்தது. அவனுக்குப் பதிலாகச் சிவந்த, மெல்லிய ஒருவன் வந்தான், நன்றாகவே செய்தான். இரண்டாம் அங்கத்தில் அந்தக் காலைக் கீழே வைத்தேன். பேசவில்லை. சும்மா இருந்தேன். எழுநூறு பேர் சிரிப்பதை நிறுத்தினார்கள். பிறகு பேசினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

திரைக்குப் பின்னால் பேராசிரியர் வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அந்த மௌனம் இருக்கே, அது நாடகத்துலயே இல்லையே. யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்ல சார். எனக்கே தோணுச்சு."

ஒப்பனைக்காரர் என் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வலிப்பது போல முகத்தைச் சுளித்து வைத்தேன்.