தங்க அட்டையும் தம்பி வீடும்

ஓய்வு பெற்றபின் விமான நிறுவனங்களின் விதிகளைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. கோவையில் கிளம்பி, வழியெல்லாம் விமானம் மாறி மாறி உலகைச் சுற்றி வந்தால், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் தங்க அட்டையை ஒரே பயணத்தில் வாங்கிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். எங்கும் தங்காத அந்தத் திட்டத்தை மனைவியிடம் பெருமையாக விளக்கினேன்.

பேச்சில் டொராண்டோ வந்ததும் அவள் என்னை நிறுத்தினாள். அவள் தம்பி அங்கே வீடு வாங்கியிருந்தான். புதுமனை புகுவிழாவுக்கு எங்களால் போக முடியவில்லை.

"ஏனுங்க, அங்க எத்தன நேரமுங்க?"

"நாலு மணி நேரம். ஏர்போர்ட்டை விட்டு வெளிய போக நேரமிருக்காது."

"அந்த அட்டை வந்தா என்ன கெடைக்குமுங்க?"

"ஏர்போர்ட் லவுஞ்சுல, தனி அறையில, சொகுசா உக்காரலாம்."

"உக்கார நம்மூட்டு சோபா போதாதுங்களா? எனக்குத் தம்பி ஊட்ல ஒரு வாய் சோறு உங்கோணுமுங்க."

எல்லா விதியும் தெரிந்த எனக்கு, உலகைச் சுற்றியும் ஒரு வீட்டுக்குள்கூட நுழையப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டொராண்டோவுக்கு மட்டும் சீட்டு எடுத்தேன். தம்பி வீட்டில் இரண்டு வாரம் இருந்தோம். திரும்பும்போது தங்க அட்டைக்காரர்கள் முதலில் ஏறினார்கள். இவர்கள் யார் யார் வீட்டுக்குப் போகாமல் அதை வாங்கினார்களோ என்று யோசித்தபடி, நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன்.