வரி முடிந்த பிறகுதான் புதுப் பெயர்

போன வாரம் எங்கள் ஈப்போ ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னை முட்டாளாக்கியது. புது மெஷின், புது ஸ்கிரிப்ட் மொழி... எனக்கோ நாற்பதைத் தாண்டிய மூளை!

லாரி கிளம்பும் நேரத்தைச் சொல்லும் சின்ன ப்ரோக்ராம். மேலே ‘நேரம்’ என்ற பெயரில் 7 இருந்தது. மழை நாளுக்காக உள்ளே அதே பெயரில் புதிதாக ஒன்றை அறிவித்து, அதில் 8 வைத்து, அதே வரியிலேயே ‘நேரத்தைக் காட்டு’ என்றேன். 7 என்றது! அடித்துக் கேட்டாலும் 7தான்.

பக்கத்து மேஜை சரோஜா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அந்த வரி முடியட்டும்லா. அதுக்கப்புறந்தான் புதுசு செல்லும். அதுவரைக்கும் அந்தப் பேரைக் கூப்பிட்டா பழைய ஆளுதான் வருவாரு."

‘காட்டு’ என்பதை அடுத்த வரிக்குத் தள்ளினேன். 8! சபாஷ் சொல்லத் திரும்பினால்... பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். போன மாதம் அவளுக்கும் குமாருக்கும் ரிஜிஸ்தர் திருமணம் ஆகிவிட்டது. நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே — கையெழுத்து இன்று, கோயிலில் தாலி பல மாதம் கழித்து. நடுவில் அவரவர் வீட்டில் அவரவர். அந்தக் குமார் செமோர் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மதியம் ஆபரேஷன். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறாள். அப்பாவோ, "தாலி ஏறலையேம்மா, என்ன உறவுன்னு சொல்லிப் போவ? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று போனிலேயே தடுத்துவிட்டார்.

ஒரு பெயர் எப்போதிலிருந்து செல்லும் என்பதில் மெஷினுக்குக் குழப்பமே இல்லை. நமக்குத்தான் கையெழுத்து, தாலி, நாலு பேர்... எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா இல்லையா? உன் வரி எப்பவோ முடிஞ்சிருச்சு தாயி! ஏறு மோட்டார்ல!"

வார்டு வாசலில் நர்ஸ் மிஸ்ஸி வழிமறித்தார். "சொந்தக்காரங்க மட்டுந்தான். நீங்க யாரு?"

சரோஜா கொஞ்சம் தயங்கினாள். "அவரோட வைஃப்."

சொல்லும்போதே முகம் சிவந்துபோனது. விட்டுவிட்டார்கள். குமார் அவளைப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள்... நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

பின்னாலேயே செருப்புச் சத்தம். ஆபீஸுக்குப் போன் போட்டு விஷயம் தெரிந்துகொண்ட அப்பா, மூச்சிரைக்க வந்து நிற்கிறார்! போச்சுடா என்று நான் தூணோரம் ஒதுங்கினேன். மிஸ்ஸி அவரையும் விடவில்லை. "நீங்க யாரு?"

மனிதர் உள்ளே பார்த்தார். மகள் குமாரின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமனார்லா."

கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்கே போகவில்லை!