இத்தா இருந்த வீட்டில் ஒரு காது

இதைச் சொன்னது மர்யம். கூத்தாநல்லூர்க்காரி. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவளுடைய அத்தா, அதாவது தகப்பனார், மீரா உசேன் மவுத்தாகி அடக்கம் முடிந்ததும், அம்மா கமருன்னிஸா கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தா இருந்தார். நாலு மாதத்துக்கும் மேல் வாசல் தாண்டக் கூடாது. வெளி ஆண்கள் யாரும் வந்து பார்க்கக் கூடாது. வீட்டில் துணைக்கு மர்யம் மட்டும். துபாயில் இருக்கும் அண்ணன் நௌஷாத் ஒரு ஸ்பீக்கர் அனுப்பியிருந்தான். குண்டுச் செம்பு அளவுதான் இருக்கும். நெட்டில் இணைத்துவிட்டால் ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்; பேர் சொல்லிக் கூப்பிட்டால் நீல வெளிச்சம் எரியும். கூடத்து அலமாரியில் வைத்தார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததும் மர்யம் அடுப்படிக்குப் போய்விடுவாள். கமருன்னிஸா கூடத்தில், கணவரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசுவார். வாய்விட்டுத்தான். அத்தனை வருடப் பழக்கம், ஆள் போனதும் நின்றுவிடுமா?

ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றார். மறுநாள் மர்யத்தின் போனைத் திறந்தால், முழங்கால் வலித் தைலம் விளம்பரம்.

"நீ எதாச்சும் தேடுனியாடி?"

"எனக்கெதுக்கும்மா? நான் என்ன கெழவியா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இன்னொரு சாயங்காலம் நாற்காலியைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "இத்தா முடிஞ்சதும் வீட்ட மர்யம் பேருக்கு எழுதிடப் போறேன். நௌஷாதுக்கு இப்பத் தெரிய வேணாம். வித்து அங்க கடை போடணும்ங்குறான். ஒங்களோட இருக்கட்டும்."

வீடு கமருன்னிஸாவின் தாய் அவருக்குக் கொடுத்தது. எழுதும் உரிமை அவருக்குத்தான்.

மர்யத்தின் போனில் பத்திரம் எழுதித் தருவதாக விளம்பரங்கள் வரத் தொடங்கின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நௌஷாத் அழைத்தான். சலாம்கூடச் சொல்லவில்லை.

"நௌஷாதுக்கு இப்பத் தெரிய வேணாம்... அப்படித்தானேம்மா?"

கமருன்னிஸா நாற்காலியிடம் சொன்ன அதே வார்த்தை. அதே இழுப்பு.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. மர்யத்திடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

அன்று மஃரிப்புக்குப் பிறகு நாற்காலி முன் நின்றார்.

"ஒங்கள நம்பித்தானே சொன்னேன்... மவன்ட்ட போய்ச் சொல்லிட்டீங்களே. இனிமே ஒங்கள்ட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

டிக்.

அலமாரியில் நீல வெளிச்சம் வட்டமாக எரிந்தது.

யாரும் அதைக் கூப்பிடவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த மர்யம் அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

முதலில் மழுப்பினான். பிறகு ஒப்புக்கொண்டான். "அந்த ஸ்பீக்கர் என் போனோடதான் சேர்ந்திருக்கு. வீட்டுல பேசுறதெல்லாம் பதிவாகும். கம்பெனிக்கும் போவும், எனக்கும் வரும். உங்க பாதுகாப்புக்குத்தான் வச்சேன்."

கமருன்னிஸா போனை வாங்கினார். "பெத்தவ தனியா அழுவுறதையுமாடா ஒக்காந்து கேட்டே?"



கமருன்னிஸா ஸ்பீக்கரைப் பிடுங்கி முற்றத்தில் போட்டு, அம்மிக் குழவியால் ஒரே போடு. தூளைக் குப்பை வண்டியில் போட்டாள் மர்யம்.

அதற்குப் பிறகும் கமருன்னிஸா கணவரிடம் பேசவில்லை. வீண்பழி சொன்ன கூச்சம். எந்த வாயால் பேசுவது?

இத்தா முடிந்தது. பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போனார்கள். அழைக்காமலே நௌஷாத் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"சாட்சிக் கையெழுத்து நான் போடுறேம்மா."

மறுபேச்சில்லாமல் போட்டான். வீடு மர்யம் பேருக்கு மாறியது.

வெளியே வந்ததும் கேட்டான். "அந்த ஸ்பீக்கர நெசமாவே ஒடச்சிட்டீங்களா?"

"அன்னக்கே ஒடச்சாச்சு. ஏன்?"

"இங்க மஃரிப் ஆவுற நேரத்துக்குத் தெனம் என் போன் அடிக்குதும்மா. நம்ம கூடத்து ஸ்பீக்கர்னுதான் காட்டுது. எடுத்தா..."

"எடுத்தா?"

"அத்தா கொரல்."

மர்யம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டப் பத்தியா சொல்றாங்க?" கமருன்னிஸா கேட்டார்.

"இல்லம்மா. என்கிட்ட பேசவே இல்ல. ஒரே பேச்சுதான், திரும்பத் திரும்ப..."

நௌஷாத் தரையைப் பார்த்தான்.

"'நான் யார்ட்டயும் சொல்லலியே, கமரு...'"