செங்கோட்டைக்குப் போன பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம், நானும் என் கணவரும் ஒரு மாதம் தங்குவதற்காகக் குற்றாலம் போனோம். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரம்தான். அந்தப் பங்குனியில், ஐந்தாவது மாதத்தில் எனக்குக் கரு கலைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம், சாயங்காலம் டியூஷன், அது முடிந்ததும் இந்தி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சீராக வந்த பித்தளைப் பாத்திரம் அத்தனையையும் இறக்கிப் புளி போட்டு விளக்குவேன். ஒருநாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தேன். ஒரு மாதம் ஓய்வு வேண்டுமென்றார் டாக்டர். தபால் ஆபீஸில் வேலை பார்த்த என் கணவரும் லீவு போட்டார்.

ஓய்வுக்குப் போகும்போதும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டேன். இட்லிக் கொப்பரை, எட்டுச் சேலை, இந்திப் புத்தகங்கள், திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள். பெட்டி பஸ்ஸின் மேலே ஏறியது. ஐந்தருவிப் பாதையில் நாங்கள் பிடித்திருந்த அறைக்குச் சாரலில் நனைந்தபடி வந்து நின்ற பிறகுதான் அதன் நினைப்பே வந்தது.

“ஐயோ, பெட்டிய எறக்கலையே!”

“பஸ்ஸு செங்கோட்டைக்குல்லா போயிருக்கும்,” என்றார். “நாளைக்குப் போயி எடுத்துட்டு வாறேன்.”

வீட்டுக்கார அக்கா சிரித்தாள். “ரெண்டு பேருக்கு என்ன பெருசா வேணும்? ஒரு பானையும் ரெண்டு தட்டும் நான் தாறேன். சாரல் விட்டப்பொறவு போனாப் போதும்.”

சாரல் விடவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு துணிப்பையும் அதில் ஒரு மாற்று உடுப்பும்தான். சோறு பொங்கி ஒரு ரசம் வைத்தால் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாள் முழுவதும் அப்படியே கிடந்தது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து சுவரைத் தடவிவிட்டுப் போகும். மலை ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாமலே சில பகல்கள் போயின. காது நிறைய அருவிச் சத்தம். இரண்டு நாள் கழித்து, பழகிப்போய், அதுவும் கேட்காமல் போனது. செங்கோட்டைக்குக் கிளம்பியவரை நானே நிறுத்தினேன். “கெடக்கட்டும், மெதுவாப் போலாம்.”

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, வாசலில் சாரலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“பொம்பளப் பிள்ளையா இருந்தா வைக்கதுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன்.”

அந்தப் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“இத்தன நாளும் ஏன் சொல்லல?”

“நீ எங்க உக்காந்த? எப்பச் சொல்ல?”

அன்றுதான் அழுதேன். அவரும் அழுதார். மூன்று மாதமாக நான் ஓடியது எதிலிருந்து என்று புரிந்தது. அந்த ஓட்டத்தில் இந்த மனிதரைத் தனியாக விட்டிருந்தேன் என்பதும் புரிந்தது. மழைக்குள் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவர் செங்கோட்டைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். கம்பளிச் சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

தென்காசி திரும்பியதும் இந்தி வகுப்பை விட்டேன், டியூஷனையும் விட்டேன். பள்ளிக்கூடம் மட்டும் போதுமென்று தோன்றியது. பித்தளைப் பாத்திரங்களில் நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கல்யாண வீடுகளுக்குக் கொடுத்தேன். “கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?” என்று என் அக்கா சண்டைக்கு வந்தாள். அவளுக்கு விளங்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஆபீஸிலிருந்து வரும் நேரத்தில் நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். சில நாள் பேசுவோம். சில நாள் ஒன்றும் பேசமாட்டோம்.