பேர் கேட்கக் கூடாத மருந்து

வாடிப்பட்டிக்கு மேற்கே எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சிக்குக் கஷாயம் கொதித்தாலும், மாயக்காள் அடுப்படிவரை வந்து, "இதுக்குப் பேரென்ன?" என்று கேட்பாள். மருந்தின் பேரைச் சொன்னால் பலிக்காது என்பது அந்தச் சீமையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் தன் தலைப்பிள்ளையைக் கொடுத்தவள் அவள்.

அக்காள் அழகம்மாள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கே, அக்காளின் கொழுந்தன் சின்னச்சாமிக்குக் கழுத்தை நீட்டி வந்தாள் மாயக்காள். தாயில்லாத அவளைத் தலைவாரிப் பூ வைத்து வளர்த்தவள் அந்த அக்காள்தான். அந்த வீட்டில் முதலில் பிறக்கும் பேரனுக்கே குலசாமிப் பெட்டி தூக்கும் உரிமை. எட்டு வருஷமாக அழகம்மாளின் மடி நிறையவில்லை. மாயக்காளுக்கோ வந்த வருஷமே நாள் தள்ளியது.

மசக்கையில் துவண்டு கிடந்தவளிடம் அக்காள் செம்பை நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"பேரு கேக்காமக் குடி தாயி. வாந்தி நிக்கும்."

மூன்று காலை குடித்தாள். நான்காம் நாள் எல்லாம் உதிரமாய்ப் போயிற்று. "உச்சிவேளையில புளியமரத்தடியில போனியேடி, பாவி மகளே" என்று கட்டிக்கொண்டு அழுததும் அக்காள்தான்.

மறு வருஷம் மாயக்காளுக்கு மீண்டும் மூன்று மாதம். சுக்கு வாங்கச் சந்தைக்குப் போனவளைப் பார்த்து, மருந்துக்கடை உக்கிரபாண்டி சிரித்தார்.

"ஏத்தா, முந்தாநாளும் ஒங்கக்கா வேர் வாங்கிட்டுப் போச்சே. வருஷா வருஷம் ஒங்க பசுவுக்கு நஞ்சுக்கொடி விழமாட்டேங்குதா? சினைமாட்டுக்கு மட்டும் குடுத்துறாதீக, கன்னு கலைஞ்சு போகும்."

அவர்கள் தொழுவத்தில் நின்றவை இரண்டும் உழவுக் காளைகள். பசு என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தாள். அதே செம்போடு அக்காள் காத்திருந்தாள்.

"பேரைச் சொல்லுக்கா, குடிக்கிறேன்."

"சொன்னாப் பலிக்காதுடி."

"அப்ப நீ ஒரு வாய் குடி. பெறகு நான் குடிக்கிறேன்."

அழகம்மாளின் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போயிற்று.

"எனக்கும் நாப்பது நாளாச்சு, மாயி."

மாயக்காளின் கண்ணில் நீர் திரண்டது, விழவில்லை.

"ஒம் பிள்ளைக்கு ஆகாதது எம் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

செம்பை வாங்கி வாசலில் கவிழ்த்தாள். அன்று மாலையே தனி உலை வைத்தாள். அதிலிருந்து ஆறாம் மாதம் மகன் பிறந்தான். அழகம்மாள் வந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியபோது, மாயக்காள் தடுக்கவில்லை. ஆனால் "அக்கா" என்று அழைக்க அவளுக்கு அதன்பின் வாய் வரவே இல்லை.